பூச்சி மாத்திரையும் மூளை வகுப்பும்

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். ஊருக்கு என்ன கவலை என்பது எனக்குப் பருவம் தவறாமல் தெரிந்துவிடும். நடவு நேரத்தில் சேற்றுப்புண் களிம்பு, ஐப்பசி கார்த்திகையில் இருமல் மருந்து, பொதுத்தேர்வு நெருங்கினால் ஞாபகசக்தி டானிக். இந்தக் கடைசிக் கவலைக்கு இப்போது பருவமே இல்லை. வயதும் இறங்கிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணே, மூளை வளர்ச்சிக்கு எது நல்ல டானிக்?" என்று கேட்கிறார்கள். மூளை வளர்ச்சி வகுப்பில் சேர்த்திருக்கிறார்களாம். அங்கே வாங்கிக் கொடுக்கச் சொன்னார்களாம்.

எந்த வகுப்பு என்று இங்கே சொல்லப்போவதில்லை. டெல்டாவின் சிறிய ஊர்களில்கூட ஏதாவது ஒரு ஜவுளிக்கடை மாடியில் இப்படி ஒன்று வந்துவிட்டது. வலது மூளைப் பயிற்சி, நடுமூளைத் தூண்டல், கைரேகையை வைத்துத் திறமை கண்டறிதல் என்று பெயர்கள் மட்டும் மாறும்.

அவர்களுடைய துண்டறிக்கையில் முதல் வரி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ கால் பங்கு இருப்பது, பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெருமளவு வளர்ந்துவிடுகிறது. இதில் எனக்குச் சண்டையே இல்லை. "ஆகவே எங்களிடம் சேருங்கள்" என்ற இரண்டாவது வரியில்தான் வியாபாரம் இருக்கிறது. முதல் வரிக்குச் சான்று உண்டு. இரண்டாவது வரிக்கு யாரும் கேட்பதில்லை.

நடுமூளையையே எடுத்துக்கொள்வோம். அது மூளைத்தண்டின் மேற்பகுதி. கண் அசைவதும், சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவதும் அதன் வேலைகளில் சில. பிறந்த நாளிலிருந்தே அது விழித்துத்தான் இருக்கிறது. அது வேலை செய்யாத குழந்தைக்குத் தேவை தீவிர சிகிச்சைப் பிரிவு. மாடி வகுப்பு அல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படித்துக் காட்டுகிறார்களே என்பீர்கள். மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்க்கிறார்கள் என்பதை மங்களூருவைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டியிருக்கிறார். எனக்குப் பணம் போவதைவிடப் பெரிய வருத்தம் வேறு. பார்த்துக்கொண்டே பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை பழகுகிறது, பெற்றோர் கைதட்டுகிறார்கள்.

வலது மூளைக் கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்த நோயாளிகளை ஆராய்ந்து, இரு பாதிகளுக்கும் வெவ்வேறு வேலைகள் உண்டு என்று காட்டிய மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இணைப்பு நம் பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கிறது! ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அலசிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர், ஒரு பக்க மூளை ஓங்கிய ஆள் என்று எவரும் இல்லை என்று 2013இல் எழுதிவிட்டார்கள். மேற்கத்திய இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்பதும் இதே ரகம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1993இல் வெளிவந்த சோதனையில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்தது கால் மணி நேரம்கூட இல்லை. அதை நம்பி, பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்க 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் அரசுப் பணம் கேட்டார். ஏமாறுவதில் நமக்கு மட்டும் தனிச் சிறப்பு ஏதும் இல்லை.

மணிச்சட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் அபாகஸை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். குஜராத்தின் வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். கணக்கு நன்றாக வந்தது. மற்றபடி அடிப்படை அறிவுத்திறனில் மாற்றம் தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டால் தாராளமாக அனுப்புங்கள். கணக்குக்காக என்று அனுப்புங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. சின்ன வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் அடிவாங்கும். பின்னால் ஈடுகட்டுவதும் கடினம். நம் ஊர் ஈர மண்ணில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே ஏறிவிடும், உள்ளே இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இதற்கான அல்பெண்டசோல் மாத்திரையை ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. டானிக் கேட்டு வருகிறவர்களிடம், கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் கணவன் முகத்தை மனைவியும் மனைவி முகத்தைக் கணவனும் பார்ப்பார்கள். மூன்று மாத வகுப்புக்குப் பன்னிரண்டாயிரம் கட்டியவர்கள்தான் அவர்கள்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1980களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் பொம்மை செய்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள், இந்தப் பயிற்சி கிடைக்காத அதேபோன்ற பிள்ளைகளைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பணியாளர் போன பிறகும் வீட்டிலேயே இருந்தவள் தாய். மாடி வகுப்பிலோ பெற்றோரை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் கட்டணம் செலுத்துவதும்தான் தன் பங்கு என்று அப்பன்மார் நம்பிவிடுகிறார்கள். ஆடிப்பெருக்குக்குப் பேரனுக்குச் சப்பரம் கட்டிக் கொடுத்து, அவன் கேட்கும் நூறு கேள்விக்கும் பதில் சொல்லும் தாத்தாவுக்கு, தான் செய்வதும் மூளைப் பயிற்சிதான் என்று யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் தெருவில் ஓடவேண்டிய பிள்ளை, வகுப்பு முடிந்து இருசக்கர வாகனத்தில் தூங்கி விழுந்தபடி போகிறது.

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் இந்த வகுப்புகளில் நாளைக் கடத்தாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள், காதைச் சோதியுங்கள்.

அங்கன்வாடி என்றால் முகம் சுளிக்கிறோம். 1975இல் தொடங்கிய திட்டம் அது. பாட்டு, விளையாட்டு, சத்துமாவு, முட்டை, எடை பார்த்தல், பூச்சி மாத்திரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறது. எங்கள் தெருக்கோடி மையத்துக்கு வருவது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மட்டுமே. மனு எழுதத் தெரிந்த ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கூரை ஒழுகினாலும் அதிகாரியைப் போய்க் கேட்க ஆளில்லை. என் பேத்தியை அங்கே சேர்க்கலாம் என்றேன். கழிப்பறையில் தண்ணீர் வரட்டும் மாமா, பிறகு பார்க்கலாம் என்கிறாள் மருமகள். நியாயமான நிபந்தனைதான். மனு எழுதி வைத்திருக்கிறேன். நம் தெருக்காரர்கள் கடைப்பக்கம் வரும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.