படத்துக்குக் காசு, கதைக்கு மட்டும் நன்றியா?

குன்னூரில் எங்கள் வீட்டு மாடியறையில் சித்தி மகள் வரைவாள், நான் எழுதுவேன். இருவருக்கும் உயிர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் குந்தவையும் வந்தியத்தேவனும்தான். போன மாதம் மேட்டுப்பாளையத்து வாசகி ஒருவர் அவளிடம் அந்த ஜோடியின் படம் கேட்டார். 1,500 ரூபாய் என்றாள். பாதிப் பணம் உடனே ஜிபேயில் வந்துவிட்டது. அவரே என்னிடம் அதே ஜோடிக்கு ஒரு கதை கேட்டார். நானும் 1,500 என்றேன். "கதைக்குமா காசு? நீங்க பிடிச்சுத்தானே எழுதுறீங்க?" என்றார்.

என் தங்கையும் பிடித்துத்தான் வரைகிறாள்.

மறுக்கக் கூச்சப்பட்டுச் சும்மாவே எழுதிக் கொடுத்தேன். 4,000 சொல், பதினோரு இரவு. பழையாறை அரண்மனையில் ஒரே ஒரு உரையாடல்தான். ஆனால் பேச்சு அந்தக் காலத்ததாக ஒலிக்க வேண்டும், கல்கியின் வரிகளாகவும் ஆகிவிடக் கூடாது. அதற்காகவே குந்தவையின் ஒரு பதிலை ஆறு தடவை மாற்றினேன். படம் மூன்று நாளில் முடிந்து இப்போது அவருடைய முகப்புப் படமாக இருக்கிறது. கதைக்கு ஒரு இதயக்குறி வந்தது. படித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

படம் பார்த்த கணமே பிடித்துப்போகும், நாலு பேருக்குக் காட்டலாம். கதைக்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும். தவிர, ஓவியர் முதலில் பென்சில் கோட்டைக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்கிறார். கதை முடியும்வரை கேட்டவர் கையில் எதுவும் இல்லை. காசு கொடுக்க அவர் தயங்குவது எனக்குப் புரிகிறது.

புரியாதது சிலர் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதுதான். இப்படிப் பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து எழுதும் ரசிகர் கதைக்குக் காசு வாங்கினால் வழக்கு வரும், படத்துக்கு வராதாம். காப்புரிமை உள்ள பாத்திரம் என்றால் இரண்டுக்கும் ஒரே சிக்கல். வேறுபாடு வழக்கத்தில்தான் இருக்கிறது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் போன்ற ரசிகர் கதை இணையத்தளத்தில் வியாபாரத்துக்கே தடை. ஓவியர்களோ காமிக் கான் என்ற ரசிகர் விழாக்களில் மேசை போட்டு விற்கிறார்கள். கல்கி மறைந்தது 1954-ல். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடிகிறது. அந்தப் பாத்திரங்களை யாரும் எழுதலாம், விற்கலாம். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' கல்கியின் கதையைத் தொடர்ந்து எழுதப்பட்டதுதானே, அதை விலை கொடுத்துத்தானே வாங்குகிறோம்? உண்மையில், சினிமாவில் வந்த நடிகரின் முகத்திலேயே வரையச் சொன்னால் சிக்கல் தங்கைக்குத்தான் வரலாம்.

பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கேட்டு 2023-ல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்த மாவட்டம் இது. உழைப்புக்கு விலை கேட்க நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அதனால் இனி இப்படி: கதைச்சுருக்கமும் முதல் 300 சொல்லும் முன்பே காட்டுவேன். பிடித்தால் பாதிப் பணம், முடிந்ததும் மீதி. 1,000 சொல்லுக்கு 400 ரூபாய். ஒரு தடவை திருத்தம் உண்டு. வேண்டுபவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். எந்த ஜோடி, என்ன முடிவு என்பதையும் எழுதுங்கள்.