"கூகுளில் பார்த்திருக்கலாமே" என்று சொல்லாதீர்கள்

நோய் முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்த்து, "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, தேடியிருக்கலாமே?" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இணையமே இல்லாதவர்கள் 2024 கணக்குப்படி உலகில் சுமார் 260 கோடிப் பேர் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது தனிக் கொடுமை. நான் சொல்ல வருவது, கையில் போன் இருந்தும் பயன் கிடைக்காதவர்களைப் பற்றி.

ஒரே மாதிரி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டு பேர் கையில் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர் 'கிரியாட்டினின்' (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) என்று அதில் அச்சிட்டிருப்பதை அப்படியே தட்டுகிறார். பெரிய மருத்துவமனைகளின் விளக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இன்னொருவருக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. 'கால் வீக்கம் குறைய' என்று மைக்கில் பேசித் தேடுகிறார். வந்து குவிவது கைவைத்திய வீடியோக்கள். கால் வீக்கத்துக்குச் சிறுநீரகமோ இதயமோ காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் பக்கம் எங்கோ அடியில் கிடக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டால் போதும், அதே ரகத்தில் இன்னும் நாலு வரும். இவர் என்ன தப்பு செய்தார்? தன் உடம்பு படும் பாட்டைத் தனக்குத் தெரிந்த பேச்சில் கேட்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கே ஒரு போன் என்றால் இன்னும் சிக்கல். வெள்ளைப்படுதல் பற்றித் தேடினால் அடுத்து போனை எடுப்பவர் கண்ணில் படுமே என்று தேடாமலே விட்டுவிடும் பெண்கள் உண்டு.

சரி, நல்ல தகவலே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் பெரிய தடையே வருகிறது. அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். நன்றாக உடுத்தி, சரளமாகப் பேசுகிறவர் கேட்டால் விவரமானவர் என்று உட்கார வைத்து விளக்குகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் அதையே கேட்டால், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா? திறந்து கேட்டு, டாக்டர் மேற்கொண்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தாலும், அதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும்.

ஊடகங்களில் தகவல் பெருகும்போது வசதியும் படிப்பும் உள்ளவர்களே அதை வேகமாக எடுத்துக்கொள்கிறார்கள், இடைவெளி கூடுகிறது என்று டிச்சனர், டொனஹ்யூ, ஓலியன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் 1970இலேயே எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டே டூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்றார். இரண்டும் இன்று ஒரே திரையில் நடக்கின்றன.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். "இதைப் பற்றி எங்கேயாவது பார்த்தீர்களா, என்ன சொன்னார்கள்?" என்று நோயாளியிடம் நீங்களே முதலில் கேளுங்கள். எந்த வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்தினார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.