படமாகப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள்

"உனக்கென்னடே, எல்லாத்தையும் கம்ப்யூட்டரே வாசிச்சுச் சொல்லிருதுல்லா?" பார்வையில்லாத என்னிடம் ஊரில் பலரும் இப்படிச் சொல்கிறார்கள். வாசிக்கும்தான். அதற்கு நீங்கள் எழுத்தைத் தர வேண்டுமே!

என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006இல் தொடங்கியது. காசு கிடையாது, தமிழும் பேசும். குரல் கொஞ்சம் தகரத்தில் தட்டியது போல இருக்கும், பழகிவிடும். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வாங்கப் பெரிய தொகை வேண்டியிருந்த காலத்தை நினைத்தால் இது வரம்தான்.

ஆனால் நம்மூர் டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். கண்ணுக்கு அது 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன். என் கணினி அதைத்தான் வாசிக்கும், பாவம் அது என்ன செய்யும்? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறையைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் பிறகும் ஒரு அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அதைவிடக் கொடுமை படங்கள். கரண்ட் கட் அறிவிப்பு, ஆனித் தேருக்கு வண்டிகள் எந்த வழியாகப் போகும் என்ற விவரம், துட்டி (சாவு) செய்தி, எல்லாமே வாட்ஸ்அப்பில் படம். துட்டிக்குப் போகாதவனை ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? கூகுள் லென்ஸில் காட்டினால் ஓரளவு எழுத்தைப் பிடித்துத் தரும். அட்டவணை என்றால் பெயர் ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம்.

பார்வையற்றவர்கள் படிப்பது பாளையங்கோட்டைக்குப் புதிதல்ல. ஆஸ்க்வித் அம்மையார் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பள்ளி தொடங்கிவிட்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. செல்போனில் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு செய்யும்போது "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்பார்களே, அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையில் சேர்ந்ததுதான் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதையெல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது சின்ன வேலை. படம் போட்டால் கீழே இரண்டு வரி விவரம் எழுதுங்கள். கடையில் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். கோவில் கொடை நோட்டீஸ் அடிக்கும் கமிட்டி அண்ணாச்சிகளே, அந்த எழுத்தை அப்படியே குரூப்பிலும் ஒட்டிவிடுங்கள். கொடை வரி எவ்வளவு என்று தெரிந்தால்தானே நானும் கொடுக்க முடியும்!