எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்?

வாசகர் வட்டங்களில் எனக்குப் பிடிக்காத ஒரு வாக்கியம் உண்டு. "மன்னிக்கணும், இன்னும் முழுசாப் படிச்சு முடிக்கல." சொன்னவர் அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார். முடித்தவர்கள்தான் பேசுவார்கள், குறியீடு, படிமம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். ஒரு நாவலாசிரியராக எனக்கு வேண்டியவர் அந்த முடிக்காத ஆள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வட்டத்தில் என் நாவலைப் பேச எடுத்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாராட்டெல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் வந்து, "தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா? 141ஆம் பக்கத்தோட விட்டுட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "பையனுக்குப் பரீட்சை. பத்து நாள் கழிச்சுத் திரும்ப எடுத்தேன். சுமதி யாரு, சுகந்தி யாருன்னு மறந்துபோச்சு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சுமதி, சுகந்தி போதாதென்று 141இல் சுசீலா என்று ஒருத்தி வேறு வருகிறாள். எழுதும்போது எனக்குக் குழப்பமே இல்லை. இரண்டு வருடம் தினமும் அவர்களோடு குடியிருந்தவன் நான். படிக்கிறவருக்குக் கிடைப்பதோ தூங்கப்போகும் முன் இருபது நிமிடம், பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் இன்னொரு பத்து நிமிடம். நடுவில் காய்ச்சல், விருந்தாளி, அலுவலகத் தொல்லை. இத்தனைக்கும் நானே அப்படித்தான் படிக்கிறேன். என் அலமாரியில் பாதிப் புத்தகங்களுக்குள் மருந்துச் சீட்டும் மின்கட்டண ரசீதும் அடையாளமாகக் கிடக்கின்றன. எழுத உட்கார்ந்தால் மட்டும் இது மறந்துவிடுகிறது.

நாவல் என்பதே கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பதற்காக உண்டான வடிவம் என்பது என் கட்சி. ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் 1742இல் வெளியான தன் நாவலில், அத்தியாயங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம் பயணி இளைப்பாறும் சத்திரம் போன்றது என்று வெளிப்படையாகவே எழுதினார். இன்னொரு ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் முதல் நாவல் 1836, 1837 ஆண்டுகளில் மாதாமாதம் சிறு பகுதிகளாக வந்தது. ஒரு மாதம் கழித்து வருகிறவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா? அவருடைய பாத்திரங்கள் ஆளுக்கொரு பேச்சுப் பழக்கத்தோடு, சேட்டையோடு திரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதை மிகை என்று குறை சொல்பவர்கள் ஒரே மூச்சில் படித்திருப்பார்கள்!

ஒரே இரவில் படித்து முடித்தேன் என்று சொல்வது பெரிய பாராட்டாகிவிட்டது. எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதம் ஒரு புத்தகத்தோடு வாழ்ந்தவர் அதில் தன் வீட்டையும் கொஞ்சம் கலந்து படித்திருப்பார். அவரைப் பேச விடுங்கள். வட்டம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: "பிடித்ததா?" என்று தொடங்காமல், "எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண்தான் இப்போது என் கையெழுத்துப் பிரதிகளுக்கு முதல் வாசகர். புது நாவலைப் போன வாரம் அனுப்பியிருந்தேன். நேற்று இரவு பதில் வந்தது: "62. தூக்கம் வந்துடுச்சு சார், கதை காரணமில்ல."

62ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கதையும் காரணம்தான்.