பந்தெலிமோனில் பிறந்து வளர்ந்தவன்

"அது ரவுடிப் பாட்டு. அதைப் போய் இந்த வயசில் கேட்கிறீர்களே" என்றார் ஒரு நண்பர். ரவுடிப் பாட்டுதான், மறுக்கவில்லை.

ருமேனிய ராப் குழுவான பி.யு.ஜி. மாஃபியாவின் 'நஸ்குத் ஷி க்ரெஸ்குத் இன் பந்தெலிமோன்', 1996-இல் வந்தது. பந்தெலிமோனில் பிறந்து வளர்ந்தவன் என்று பொருள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் கிழக்கு ஓரத்துப் பேட்டை அது. பந்தெலிமோன் என்பது மருத்துவர்களின் காவலரான புனிதரின் பெயர். கிரேக்கத்தில் 'எல்லோரிடமும் இரக்கமுள்ளவர்' என்று அர்த்தம் வரும். அவர் பெயரில் பெரிய ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கிறது. ஆனால் 90-களில் அந்தப் பேரைச் சொன்னாலே ஊர்க்காரர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்களாம். என்னோடு முன்பு வேலை பார்த்த ருமேனியர் ஒருவர் சொன்னது. அந்தப் பேட்டைக்காரர்தான்.

ஒருநாள் டீக்கடை பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டினார். கம்யூனிச அதிபர் சௌசெஸ்கு காலத்துக் கான்கிரீட் அடுக்குமாடிகள், தீப்பெட்டியை நிறுத்தி வைத்ததுபோல வரிசையாக. அவற்றின் பின்னால், கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்ட ஓர் இரும்புச் சட்டம். தட்டுகிறவர்கள் போனதும் சின்னப் பையன்களுக்கு அதுவே கோல் போஸ்ட். மீசை அரும்பியபிறகு அதில் சாய்ந்து நிற்பதுதான் வேலை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். காலையில் பெருக்கும் கிழவியின் வசவு மூன்றாம் மாடி வரை கேட்கும்.

ஏன் சும்மா நின்றார்கள்? பக்கத்தில் 'ரிபப்ளிகா' என்றொரு குழாய் ஆலை. மெட்ரோ நிலையத்துக்கே அதன் பெயர். 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபின் நாடெங்கும் இப்படிப்பட்ட ஆலைகள் இளைத்துப்போயின. 1997-இல் விலைவாசி ஒரே வருடத்தில் 150 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அப்பாவுக்கே வேலை இல்லாத வீட்டில் பையனை யார் வேலைக்குப் போகச் சொல்வது?

இந்தக் குழுவின் பாட்டுகளில் வரும் கேங் மிடுக்கு, பெண்களைப் பற்றிய கேவலமான பேச்சு எல்லாம் எனக்கும் பிடிக்காது. அதில் பாதி அமெரிக்க இறக்குமதி. 1993-இல் தொடங்கியபோது குழுவுக்கு வைத்த பெயரே 'பிளாக் அண்டர்கிரவுண்ட்'. வெள்ளைக்காரப் பையன்கள்! அப்புறம் அந்த 'பி' புக்கரெஸ்ட் ஆனது. நான் கேட்பது அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்ததைத்தான். துப்பாக்கி இரவல், விலாசம் சொந்தம். அதுவரை அந்தப் பேட்டைக்காரன் வெளியே மறைத்த விலாசத்தை இவர்கள் தலைப்பிலேயே வைத்தார்கள்.

பேச்சும் சொந்தம்தான். ருமேனிய எழுத்தில் பல சொற்கள் 'ல்' என்று முடியும். வாயில் அது நிற்காது. நாம் 'வந்தால்' என்று எழுதி 'வந்தா' என்று சொல்வதில்லையா, அதேதான். தலைக்கு 'கபுல்' என்பது பள்ளிக்கூடத்து மொழி. இவர்களின் இன்னொரு பாட்டின் தலைப்பு 'கபு சுஸ்', தலை நிமிர்ந்து. ல் போன இடத்தில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டு அப்படியே தலைப்பாக வைத்தார்கள். எனக்கு அந்தக் குறி எந்தத் துப்பாக்கியையும்விடப் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

அந்த ருமேனியர் கணக்கர். சட்டையில் சுருக்கம் இருக்காது. புக்கரெஸ்ட் ஆபீஸோடு போனில் பேசும்போது ஒவ்வொரு ல்-லையும் அழுத்திச் சொல்வார், நமக்கே கேட்கும். காரில் இந்தப் பாட்டைப் போட்டால் போதும், எல்லா ல்-லும் போய்விடும்.