ஆபா எண் எடுத்தால் உங்கள் நோய் விவரமெல்லாம் டெல்லிக்குப் போய்விடுமா?

ஆபா (ABHA) என்பது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எண். 'ஆபா எண் எடுத்த மறுநிமிடமே உங்கள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் டெல்லியில் ஒரே சர்வரில் சேர்ந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

இந்த எண்ணைத் தரும் திட்டமான, 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் அப்படி ஒரு பொதுக் கிடங்கே கிடையாது. ரிப்போர்ட் எந்த மருத்துவமனையில், எந்த லேபில் உருவானதோ அங்கேயேதான் இருக்கும். 14 இலக்க ஆபா எண், அந்தப் பதிவு உங்களுடையது என்று அடையாளம் காட்டும், அவ்வளவுதான். வேறொரு டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால், எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான பதிவுகள், எத்தனை நாளுக்கு என்று குறிப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும், அது உங்கள் போனில் உள்ள ஆபா போன்ற செயலிக்கு வரும், நீங்கள் சரி என்றால்தான் பதிவு நகரும், அதுவும் மறையாக்கம் செய்யப்பட்டு, நடுவில் இருக்கும் அமைப்பால் படிக்க முடியாதபடி. கொடுத்த அனுமதியைப் பிறகு ரத்தும் செய்யலாம்.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் சரியான இடத்தில். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மீது சைபர் தாக்குதல் நடந்தபோது முடங்கியது அந்த மருத்துவமனையின் சொந்த சர்வர்கள். பதிவுகள் மருத்துவமனையில்தான் இருக்கின்றன என்றால், அதன் பாதுகாப்பைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

அப்புறம், ஆபா கட்டாயமும் இல்லை. எடுத்தவர்கள் வேண்டாமென்றால் நீக்கிவிடலாம்.