காணிக்கைப் பணத்தை விட்டுவிட்டீர்கள்
1998ல் அமெரிக்காவின் டெக்சஸில் பழமைவாத பாப்டிஸ்டுகள் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர்) தனி கன்வென்ஷன், அதாவது சபைகளின் கூட்டமைப்பு, தொடங்கியது வெறும் பைபிள் விளக்கச் சண்டை என்கிறது உங்கள் கட்டுரை. அது பாதிதான். ஞாயிறு காணிக்கைத் தட்டில் விழுவதில் ஒரு பங்கை சபை மாநில அமைப்புக்கு அனுப்பும், அந்த அமைப்பு தனக்கானதை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தேசிய அளவிலான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனுக்குத் தரும். 1925லிருந்து இதுதான் ஏற்பாடு. பழமைவாதிகள் விட்டு வந்த பழைய மாநில அமைப்பு மிதவாதிகள் கையில் இருந்தது, அப்புறம் 2000ல் அது தேசிய கன்வென்ஷனின் செமினரிகளுக்கான (போதகர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகளுக்கான) நிதியில் பல மில்லியன் டாலரை வெட்டவும் செய்தது. கொடுத்த காணிக்கை எங்கே போகிறது என்று விசுவாசி கேட்பதில் என்ன தவறு? மேலே கருத்து எழுதிய ஒருவர் சபைகளைக் கட்டாயப்படுத்திப் பிரித்தார்கள் என்கிறார், அதுவும் சரியில்லை. பாப்டிஸ்ட் சபை ஒவ்வொன்றும் தன்னாட்சி உள்ளது, இரண்டு அமைப்பிலும் ஒரே நேரத்தில் இருந்த சபைகளும் உண்டு.